சுருதி சேரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

"சுருதி போகுது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பாட்டு வாத்தியார் சொல்வார், ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சொல்வார், அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டே அம்மாவும் சொல்வார். மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அதைக் கேட்டுவிட்டு "இன்னும் சாதகம் பண்ண வேண்டும்" என்று உட்காருகிறோம். பல சமயம் பலன் இருப்பதில்லை. கோளாறு தொண்டையில் இருந்தால்தானே சாதகம் சரிசெய்யும்? அது ஆதாரச் சுரத்தை ஒலித்துக்கொண்டே இருக்கும் சுருதிப் பெட்டியில் இருக்கலாம், எடுத்துக்கொண்ட கட்டையில், அதாவது பாடும் சுருதியின் உயரத்தில், இருக்கலாம், காதுக்கு வந்து சேரும் சத்தத்தில் இருக்கலாம்.

தொண்டையைத் திட்டுவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். சுரம் மேலே போகிறதா, கீழே போகிறதா? எந்த இடத்தில் போகிறது? எல்லா இடத்திலும் ஒரே அளவா? இதற்கு ஒரு பதிவு போதும். தம்பூராவையோ சுருதிப் பெட்டியையோ ஓடவிட்டு, ஃபோனை அதற்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை ஒன்றை மெதுவாகப் பாடுங்கள். பிறகு நன்றாகப் பழகிய ஒரு பாட்டு. உடனே கேட்காதீர்கள். பாடிய கையோடு கேட்டால் பாடியதாக நினைத்ததுதான் காதில் விழும். மறுநாள் கேளுங்கள்.

சொல்பவர் என்ன சொல்கிறார்?

திரைப்பாட்டுப் பதிவுக்கோ தொலைக்காட்சிப் போட்டிக்கோ போகிறவர்களுக்கு முதல் சிக்கல் இதுதான். 'ஃப்ளாட்' என்றால் சுரம் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே நிற்கிறது. 'ஷார்ப்' என்றால் மேலே நிற்கிறது. "கொஞ்சம் ஷார்ப்பா இருக்கு" என்று சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் உண்டு. அது பாராட்டு இல்லை. 'ஆஃப் கீ' என்றால் தனிச் சுரம் அல்ல, வரி முழுவதும் வேறொரு சுருதியில் ஓடுகிறது என்று பொருள். 'பிச்சி' என்பதுதான் தொல்லை. எங்கேயோ சில சுரங்கள் அப்படியும் இப்படியுமாக இருக்கின்றன என்பதற்கு மேல் அதில் எந்தத் தகவலும் கிடையாது. அப்படிச் சொன்னால் தயங்காமல் "எந்த வார்த்தையில், மேலேயா கீழேயா?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் சொல்லுவார்.

அளவுக்கு 'சென்ட்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரை, 1200. அசையாமல் நிற்கும் ஒரு நீண்ட சுரம் 20 சென்ட் விலகினால் பழகிய காது கண்டுகொள்ளும். வேகமாக ஓடும் பிருகாவில் அதே 20 சென்ட் யாருக்கும் தெரியாது. ஆகவே திருத்த வேண்டியது நிற்கும் இடங்களைத்தான்.

தனியாகப் பாடினால் சரி, பிறரோடு சேர்ந்தால் எப்போதும் ஒரே அளவு தள்ளியிருக்கிறது

இது குரல் கோளாறே இல்லை. குரல் தவறினால் இங்கே பத்து, அங்கே முப்பது என்று தாறுமாறாகத் தவறும். ஒரே அளவில் தவறுகிறது என்றால் ஏதோ ஓர் இயந்திரம் தவறான எண்ணில் நிற்கிறது.

முதலில் சுருதிச் செயலியின் அமைப்பைத் திறந்து பாருங்கள். 'ஏ' என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 440 அதிர்வு) என்று இருக்க வேண்டும். 1939-இல் லண்டனில் நடந்த மாநாட்டில் ஏற்றுக்கொண்ட அளவு அது. கீபோர்டுகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. மனசுக்கு அமைதி தரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 432-க்கு மாற்றி வைத்திருப்பவர்கள் இப்போது நிறைய. இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 32 சென்ட். தனியாகப் பாடும்போது அதனால் ஒரு குறையும் இல்லை. கீபோர்டுக்காரர் வந்து உட்கார்ந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஐரோப்பிய வாத்தியக் குழுக்கள் சிலவற்றில் 442, 443 வைப்பார்கள். அவர்கள் பதிவோடு சேர்ந்து பாடிப் பழகினாலும் இதே கதைதான்.

வித்தியாசம் அதைவிடப் பெரிதாக, கீபோர்டில் பக்கத்துக் கட்டையையும் தாண்டிப் போனதுபோல் இருந்தால் பின்னணி இசைக் கோப்பைச் சந்தேகப்படுங்கள். 44.1 கிலோ ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) பதிந்த கோப்பை மென்பொருள் 48 என்று நினைத்து ஓட்டினால் சுருதி 147 சென்ட் ஏறும், வேகமும் கூடும். 5 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தாலே போதும், காதுகூடத் தேவையில்லை.

பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாடம் பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது 1920-களில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய தட்டுகள் எழுபது சொச்சத்திலிருந்து எண்பதைத் தாண்டியும் ஓடின. அதை எல்லாம் 78-இல் ஓட்டிக் கணினியில் ஏற்றியிருந்தால் வித்வானின் சுருதி நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும். "அந்தக் காலத்தில் என்ன கட்டையில் பாடினார்!" என்று வியப்பதற்கு முன் தட்டின் வேகத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

மேல் ஸ்தாயியில் மட்டும் கீழே நிற்கிறது

அடிக்கடி வரும் புகார் இது. மேல் ஷட்ஜம் ('ச') வரை சரி, மேல் காந்தாரம் ('க') போனால் எட்டவில்லை. எட்டவில்லை என்றதும் காற்றை இன்னும் அழுத்துகிறோம். சத்தம் கூடுகிறது, சுரம் ஏறுவதில்லை. குரல்வளை மடிப்புகள் நீண்டு மெலிந்தால்தான் சுரம் ஏறும். காற்றை அழுத்த அழுத்த அவை தடித்தே நிற்கின்றன.

இரண்டு சோதனை போதும். அதே சங்கதியை, அதாவது அந்தச் சுரக் கோவையை, பாதிச் சத்தத்தில் பாடுங்கள். சரியாக வந்தால் கோளாறு அழுத்தத்தில்; சில வாரம் மேல் ஸ்தாயியை மெல்லிய சத்தத்திலேயே பழகினால் தேறிவிடும். வரவில்லை என்றால் 'ஆ' என்ற அகாரத்தை 'ஊ' என்று மாற்றிப் பாருங்கள். 'ஊ'வில் எட்டி 'ஆ'வில் எட்டாமல் போனால் தாடையையும் நாக்கின் அடியையும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். கண்ணாடி முன் நின்றால் கழுத்து நரம்பே காட்டிக்கொடுக்கும்.

இரண்டிலும் எட்டவில்லையா? அப்படியானால் கட்டை அதிகம். மந்தர பஞ்சமத்திலிருந்து (கீழ் 'ப') தார பஞ்சமம் (மேல் 'ப') வரை சிரமமில்லாமல் போய்வர முடிகிற சுருதிதான் உங்கள் சுருதி. இதை வாத்தியார்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் பெண்கள் ஐந்தரை, ஆறு என்றும், ஆண்கள் இரண்டு, இரண்டரை என்றும் சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரைக் கட்டை குறைத்தால் குடி முழுகிப்போகாது. சபையில் யாரும் கட்டையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. சுருதி விலகினால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

வரியின் தொடக்கத்தில் வழுக்கி ஏறுகிறது, முடிவில் சரிகிறது

இரண்டும் மூச்சு சம்பந்தப்பட்டவை. தொடக்கத்தில் வழுக்குபவர், வாயைத் திறந்த பிறகுதான் சுரத்தைத் தேடுகிறார். மூச்சை இழுக்கும் அந்தக் கணத்திலேயே அடுத்த சுரத்தை மனசுக்குள் கேட்டுவிட வேண்டும். பல்லவியின் முதல் எழுத்தை மட்டும் பத்து முறை எடுத்து எடுத்து விடுங்கள். முழுப் பாட்டு வேண்டாம். முடிவில் சரிபவருக்கு மூச்சு தீர்ந்துபோகிறது. நீட்டிச் சரிவதைவிட அரை அட்சரம் (தாளத்தில் அரை எண்ணிக்கை) முன்னாலேயே முடித்துவிடுவது மேல்.

சுருதியை நிறுத்தினால் இறங்கிக்கொண்டே போகிறது

சுருதி வைத்துக்கொண்டு ஒரு முறை ஷட்ஜம் பாடுங்கள். பெட்டியை நிறுத்துங்கள். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றைப் பாடி, கடைசி ஷட்ஜத்தைப் பிடித்தபடியே பெட்டியை மறுபடி போடுங்கள். துணையில்லாமல் பாடும் பெரும்பாலோர் சற்றுக் கீழேதான் இருப்பார்கள். உலகமெங்கும் வாத்தியத் துணையில்லாமல் பாடும் குழுக்களுக்கும் இந்த வியாதி உண்டு.

காரணம் எளிது. ஏறும்போது ஒவ்வோர் அடியும் கொஞ்சம் குறைகிறது, இறங்கும்போது கொஞ்சம் கூடுகிறது. சுற்று முடிந்து வந்தால் ஷட்ஜம் பழைய இடத்தில் இருப்பதில்லை. குறிப்பாகக் காகலி நிஷாதத்திலிருந்து (உயர்ந்த 'நி') மேல் ஷட்ஜத்துக்கும், அந்தர காந்தாரத்திலிருந்து (உயர்ந்த 'க') மத்யமத்துக்கும் ('ம') போகும் இடங்களைக் கவனியுங்கள். ஷட்ஜத்தைவிட நிஷாதம்தான் முதலில் சோம்பி விழும். அது விழுந்ததும் ஷட்ஜமும் கூடவே போகும்.

சரிசெய்ய ஒரு நல்ல பழக்கம்: ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) சுருதியோடு, ஓர் ஆவர்த்தனம் சுருதியில்லாமல். பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போட வீட்டில் யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபடி சுருதி வரும் கணத்தில் எந்தப் பக்கம் இருந்தோம் என்பது பளிச்சென்று தெரியும்.

மேடையில் மட்டும் இப்படி ஆகிறதென்றால் மானிட்டரை, பாடுகிறவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கியை, பாருங்கள். தம்பூரா கேட்காவிட்டால் இறங்குவோம்; சொந்தக் குரல் கேட்காவிட்டால் கத்தி மேலே போவோம். ஃபோன் ஒலிபெருக்கியில் தம்பூரா போட்டுப் பழகுவதிலும் இதே குறை இருக்கிறது. ஒன்றரைக் கட்டை ஆண் குரலின் ஷட்ஜம் 138.6 ஹெர்ட்ஸ்; அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து அடிநாதம் வெளியே வருவதேயில்லை. மேலுள்ள நாதங்களை வைத்துக் காது ஊகித்துக்கொள்கிறது. பாட ஆரம்பித்ததும் அந்த ஊகமும் குரலில் மூழ்கிப்போகும். நூறு ரூபாய்க்கு விற்கும் ஒயர் ஹெட்ஃபோனை ஒரு காதில் மாட்டிக்கொண்டாலே நிலைமை தேறும்.

குழந்தை சுருதியே பிடிப்பதில்லை

வாத்தியார் ஆணாக இருந்து ஒரு கட்டையில் சொல்லிக்கொடுத்தால், ஐந்து கட்டைக்குரிய குழந்தைக் குரல் அந்த மந்தர ஷட்ஜத்தைப் பிடிக்க முடியாது. மேல் ஸ்தாயியில் எடுத்தால் தார காந்தாரத்தில் கத்த வேண்டிவரும். குழந்தை இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகும். காது மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுருதிப் பெட்டியில் ஐந்து கட்டை வைத்து, பெண் குரலில் ஒருவரைப் பாடச்சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அன்றே பிடித்துக்கொள்ளும்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் காதையும் குரலையும் பிரித்துச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நுண் சுருதித் திருகு உள்ள இரண்டாவது பெட்டியையோ செயலியையோ கையில் கொடுத்து, முதல் பெட்டியோடு சேர்க்கச் சொல்லுங்கள். திருகிச் சேர்த்துவிட்டால் காது நன்றாக இருக்கிறது, குரலுக்குத்தான் பழக்கம் போதவில்லை. பெரியவர்களுக்கும் இதே சோதனைதான். சேர்க்கவே முடியாதவர்கள் மிகச் சிலர்.

டியூனரில் பச்சை விளக்கு, காது ஏற்க மாட்டேன் என்கிறது

காது சொல்வதைக் கேளுங்கள். சுரத்தை அளந்து காட்டும் டியூனர் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டி வைத்திருக்கிறது. அதன் கணக்கில் அந்தர காந்தாரம் 400 சென்ட். தம்பூராவோடு இழைந்து நிற்கும் காந்தாரம் 386 அருகில் இருக்கும். பச்சை விளக்குக்காக 14 சென்ட் ஏற்றிப் பாடினால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். பஞ்சமத்தில் இந்தத் தகராறு இல்லை. 700-க்கும் 702-க்கும் யாரும் சண்டை போடப்போவதில்லை.

தோடி ராகத்தைப் பாடிவிட்டு டியூனரைப் பார்க்கிறவர்களை என்ன சொல்வது? அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரமா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதற்கு உயிர். முள் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். சுரத்தைத் தானாகத் திருத்தும், 1997-இல் வந்த ஆட்டோட்யூன் வகை மென்பொருளை முழு வேகத்தில் வைத்து ஒரு கமகத்தை (சுர அசைவை) உள்ளே விட்டால், அது அசைவை எல்லாம் படிக்கட்டாக வெட்டித் தரும். டியூனரை ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

தம்பூராவே சேரவில்லை

மரத் தம்பூரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும். முதல் தந்தி பஞ்சமம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நடுவிலுள்ள இரண்டு ஷட்ஜத் தந்திகளில் சாரணியை முதலில் சேருங்கள். அதோடு மற்றதான அனுசாரணி. பிறகு கீழ் ஷட்ஜமான மந்தரம். பஞ்சமம் கடைசியில்.

சாரணியும் அனுசாரணியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அறிய இரண்டையும் அடுத்தடுத்து மீட்டிக் கேளுங்கள். ஐந்து கட்டை ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஒரு தந்தி 196, மற்றது 197 என்றால் சத்தம் விநாடிக்கு ஒரு முறை பெருத்துச் சிறுக்கும். அந்த 'வம்... வம்...' மெதுவாகிக்கொண்டே வந்தால் நெருங்குகிறீர்கள் என்று அர்த்தம். அடங்கி ஒரே கோடாக ஓடினால் சேர்ந்துவிட்டது. பிரடையை (தந்தி சுற்றியிருக்கும் முறுக்காணியை) திருகுவது கிட்டத்தில் கொண்டுவரத்தான். கடைசித் துளியை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே இருக்கும் மணியை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

மீட்டும் விதமும் முக்கியம். வேகமாகச் சுண்டினால் தந்தி முதலில் சற்று மேலே ஒலித்துப் பிறகு இறங்கும். கச்சேரியில் எவ்வளவு மெதுவாக மீட்டுவீர்களோ அவ்வளவு மெதுவாக மீட்டிச் சேருங்கள்.

நாதம் மொட்டையாக இருக்கிறதா? ஜீவா நூலைப் பாருங்கள். குதிரையின் வளைந்த முதுகுக்கும் தந்திக்கும் நடுவே கிடக்கும் அந்தப் பருத்தி நூலை நகத்தால் மயிரிழை மயிரிழையாகத் தள்ளுங்கள். ஓரிடத்தில் தகரம்போல் கரகரக்கும், ஓரிடத்தில் அடைத்துப்போகும், நடுவில் ஓரிடத்தில் தந்தி திடீரென்று திறந்துகொண்டு ரீங்கரிக்கும். அங்கே நிறுத்துங்கள். நூல் நகர்ந்தால் சுருதியும் கொஞ்சம் நகரும், ஆகவே மணியை மறுபடி தொட வேண்டியிருக்கும். எல்லாம் கூடிவந்தால் மந்தரத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மெல்லக் கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது கேட்கும்வரை பாட ஆரம்பிக்காத பிடிவாதக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்சிதான் நானும்.

சேர்த்தது நிற்காமல் நழுவினால் பிரடையை உருவி, உட்காரும் இடத்தில் சாக்பீஸ் தூள் தடவி அழுத்திப் போடுங்கள். எவ்வளவு முயன்றும் ஒரு தந்தி மட்டும் இரண்டு சுரமாகக் கேட்டால் தந்தி பழசு. சரியாகப் பாதி இடத்தில் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். மேல் ஷட்ஜம் சுத்தமாக வரவில்லை என்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

வீட்டில் சேர்ந்தது, குளிர்சாதன அரங்கில் சேரவில்லை

டிசம்பர் சீசனில் சபா சபாவாக நடப்பது இது. குளிரில் தந்தி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். புல்லாங்குழல் நேர்மாறு. காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட். வெளியே 34 டிகிரி, உள்ளே 22 என்றால் கணக்குப்படி 35 சென்ட் வரை இறங்கலாம். வாசிக்க வாசிக்க மூச்சின் சூடு கொஞ்சம் ஈடுகட்டும். வயலின் மேலே, குழல் கீழே போனால் இரண்டு பேரும் அடுத்தவரைத்தான் பார்ப்பார்கள். அரை மணி முன்னாலேயே வாத்தியங்களை மேடைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், உறையிலிருந்து வெளியே எடுத்து.

மிருதங்கத்தில் ஈரம்தான் கணக்கு. உலர்ந்த குளிர்காற்றில் தோல் இறுகி வலந்தலை (வலப்பக்கத் தோல்) ஏறும், மழைநாளில் தொய்ந்து இறங்கும். ஓரப் பின்னலில் கல்லால் மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். அது மிருதங்கக்காரருக்குத் தெரியாததில்லை. வீணையில் வெறும் தந்தி சரியாக இருந்து மெட்டில் அழுத்தினால் மட்டும் சுரம் தவறினால், வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கும். பிரடையைத் திருகிப் பயனில்லை, மேளம் கட்டுகிறவரை, அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி பதிப்பவரைத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற எல்லாப் பாட்டும் ஒத்துவருகிறது, சில பாட்டு மட்டும் மேலே எடுபடவில்லை

ராகம் புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டியா? இவற்றின் சஞ்சாரம் மேல் ஷட்ஜத்தைத் தாண்டுவதில்லை. வழக்கமான சுருதியில் பாடினால் பாட்டு அடித்தொண்டையிலேயே கிடக்கும். மத்யம சுருதிக்குப் போங்கள். மத்யமத்தை ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு, தம்பூராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்க வேண்டும். சுருதிப் பெட்டியில் அதற்கு 'ம' என்று தனிப் பொத்தானே இருக்கும். அதை மறந்து 'ப'விலேயே விட்டுவிட்டுப் பாடினால் புது ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் சதுஸ்ருதி ரிஷபம் (ஒரு வகை 'ரி') நின்று பிடுங்கும்.

பழகிய பாட்டெல்லாம் அரைச் சுரம் தள்ளிக் கேட்கிறது

டியூனர் சரி, பெட்டி சரி, பிறர் காதுக்கும் சரி. உங்களுக்கு மட்டும் எல்லாம் இறங்கிக் கேட்கிறதா? வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபைன் என்ற மருந்து சிலருக்கு இப்படிச் செய்வதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். ஒரு காதில் ஒரு சுரமும் மறு காதில் சற்றே விலகிய சுரமும் கேட்டால் சளி அடைப்போ, பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றதோ காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு காதாக மூடிக்கொண்டு ஒரே சுருதியைக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அந்த வாரமே போய்விடுங்கள். திடீரென்று ஒரு காது மந்தமாகிவிட்டால் வாரம்கூட வேண்டாம், அன்றைக்கே.